கோவிலை விட்டுப் போகாதவர்கள்

2008-ம் ஆண்டு, மார்ச் மாதம் 9-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

கிறிஸ்தவர்களுக்கு அது தவக்காலம். இன்னும் ஒரு வாரம் போனால் குருத்தோலை ஞாயிறு. இரண்டு வாரம் போனால் ஈஸ்டர் பண்டிகை. அன்றைக்கு உலகம் எங்கும் உள்ள கத்தோலிக்கக் கோவில்களில் பூசை நேரத்தில் வாசிக்க வேண்டிய பகுதி, லாசரின் கதை.

லாசர் இறந்து நாலு நாள் ஆகிவிட்டது. அவனுடைய அக்காள் தங்கை இருவரும் அழுது ஓய்ந்து போயிருக்கிறார்கள். ஏசு அப்போதுதான் வந்து சேருகிறார். நீர் முன்னமே வந்திருந்தால் எங்கள் சகோதரன் சாக நேர்ந்திருக்காதே என்று இருவரும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து ஏசுவும் அழுகிறார். கடவுளிடம் கோபித்துக்கொள்வதும் ஒருவகை விசுவாசம்தான் என்பதற்கு இந்த இரண்டு பெண்களும் சாட்சி.

அந்தக் கதைக்கு உரிய ஞாயிற்றுக்கிழமையில்தான் எறையூரில் துப்பாக்கி வெடித்தது.

எறையூர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் இருக்கும் பெரிய கிராமம். அப்போது விழுப்புரம் மாவட்டம். 2019-ம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு, அந்த மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. மேற்கே கல்வராயன் மலை. மலையில் இருந்து இறங்கும் கோமுகி ஆறும், மணிமுத்தா ஆறும் பாய்கிற சீமை. கரும்பும், நெல்லும், மரவள்ளியும் விளைகிற மண். 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் மாண்ட பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்குக் கள்ளக்குறிச்சி என்ற பெயரே தெரிந்தது. அது வேறு சோகம்.

எறையூரில் பெரிய மாதா கோவில் ஒன்று இருக்கிறது. ஜெபமாலை அன்னை கோவில் என்று பெயர். ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்களில் வன்னியர்கள் அதிகம். ஆதிதிராவிடர்கள் குறைவு. இரு சாராருக்கும் ஒரே போப்பாண்டவர், ஒரே பிஷப், ஒரே ஜெபம், ஒரே அப்பம். ஆனாலும் சண்டை வந்தது.

சண்டை எதற்கு?

ஆதிதிராவிட கிறிஸ்தவர்கள் சொன்ன குறைகள் இவை: கோவிலுக்குள் தங்களுக்கு என்று தனி இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். பிணத்தை எடுத்துப் போக ஊருக்கு நடுவே உள்ள பெரிய தெரு கிடையாது. சுற்று வழியில்தான் போக வேண்டும். கோவிலுக்குச் சொந்தமான பிணவண்டியும் தங்களுக்கு இல்லை. கல்லறையும் தனி.

மற்றத் தரப்பார் இந்தக் குற்றச்சாட்டுகளை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் இந்த வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஆதிதிராவிட கிறிஸ்தவர்கள் தங்கள் பகுதியில் இருந்த சகாயமாதா கோவிலைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 'பங்கு' என்பது கத்தோலிக்கர்கள் வழங்கும் சொல். ஒரு பங்கு என்றால் அதற்கு ஒரு குருவானவர் உண்டு. பூசை உண்டு. ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் புத்தகங்கள் உண்டு. கோவில் கணக்கும் தனி. அதாவது, நீங்கள் பெரிய தெரு வழியாக விடாவிட்டால் போகட்டும், எங்கள் தெருவில் நாங்களே சாமி கும்பிட்டுக்கொள்கிறோம் என்பதுதான் கோரிக்கை.

கேட்பதற்கு எளிய கோரிக்கை. கொடுப்பதற்குக் கஷ்டமான கோரிக்கை. சாதியின் பேரால் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்தால், திருச்சபையே சாதியை ஒப்புக்கொண்டு முத்திரை குத்தியது போல ஆகிவிடும். கொடுக்காவிட்டால், அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு அதே கோவிலில் இரு என்று சொன்னது போல ஆகிவிடும். புதுச்சேரி - கடலூர் உயர் மறைமாவட்டத்துக்கு அன்றைக்கு இருந்த தர்மசங்கடம் இது. இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். முதல் வாதத்தைச் சொல்கிறவர் எந்தத் தெரு வழியாகவும் நடக்கலாம்.

மார்ச் மாதம் முதல் வாரத்தின் கடைசியில் ஆதிதிராவிட கிறிஸ்தவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 9-ந் தேதி கலவரம் மூண்டது. ஆதிதிராவிடர் வீடுகள் தாக்கப்பட்டன. கல்வீச்சு நடந்தது. போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். இரண்டு பேர் மாண்டார்கள். இருவரும் வன்னிய கிறிஸ்தவர்கள். இரண்டு தெருவிலும் ஒப்பாரி. இரண்டு தெருவிலும் ஒரே மாதாவின் படம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

போக வழி இல்லாமலா?

இத்தனை அவமானம் இருந்தால் கோவிலை விட்டுப் போய்விட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். போக வழி இல்லாமல் இல்லை. வாசல் திறந்தே இருந்தது. அதுவும் சாதாரண வாசல் அல்ல. அந்த வாசலில் சர்க்கார் உத்தியோகம் இருந்தது. கல்லூரிப் படிப்பு இருந்தது. சட்டசபைக்குப் போட்டியிடும் உரிமை இருந்தது.

எப்படி என்று பார்ப்போம்.

1950-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி, ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். யார் யார் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்பதற்கான பட்டியல் அது. அதில் மூன்றாவது பாராவாக ஒரு நிபந்தனை இருந்தது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் யாரும் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1936-ம் ஆண்டு உத்தரவிலேயே, இந்தியக் கிறிஸ்தவர்கள் விலக்கப்பட்டிருந்தார்கள். சுதந்திர இந்தியாவும் அதையே தொடர்ந்தது. பிறகு 1956-ம் ஆண்டு சீக்கியர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். 1990-ம் ஆண்டு புத்த மதத்தினருக்குத் திறந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை.

அதனால் என்ன நஷ்டம்?

தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோருக்கு 18 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலில் இருந்து இறங்கி, பிற்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். எத்தனை தலைமுறைக்கு முன்னால் அவருடைய பாட்டன் மதம் மாறி இருந்தாலும் அதே கதைதான். மாநில சர்க்கார் படிப்புக்குச் சில சலுகைகளைக் கொடுத்து ஓரளவு ஈடு செய்கிறது. ஆனாலும், தன்னைவிட வசதியும் படிப்பும் உள்ள சாதிகளோடு அவர் போட்டி போட வேண்டும்.

கள்ளக்குறிச்சி சட்டசபைத் தொகுதி, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. ஆதிதிராவிட கிறிஸ்தவர் அங்கே ஓட்டுப் போடலாம். வேட்பாளராக நிற்க முடியாது.

இன்னும் ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்டோர் மீது வன்கொடுமை செய்கிறவர்களைத் தண்டிக்க 1989-ம் ஆண்டு ஒரு கடுமையான சட்டம் வந்தது. சட்டத்தின் கண்ணில் தாழ்த்தப்பட்டவராக இருப்பவருக்குத்தான் அதன் பாதுகாப்பு. சாதியின் பேரால் ஒருவனுடைய கூரையைக் கொளுத்தினாலும், அவன் கழுத்தில் சிலுவை இருந்தால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. அடிக்கிறவனுக்கு அவனுடைய சாதி தெரிகிறது. சட்டத்துக்குத் தெரியவில்லை.

மலைமேல் வேறு சட்டம்

எறையூரில் இருந்து மேற்கே போனால் மலையடிவாரத்தில் கோமுகி அணை. அங்கே இருந்து மலை ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளிகள். பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்தில் இருந்து குடிவந்தவர்கள் என்று தங்கள் பரம்பரைக் கதையைச் சொல்வார்கள். தினையும் சாமையும் விளைவித்துப் பிழைத்தவர்கள். 1976-ம் ஆண்டு வரையில் இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்துத்தான் மலை சர்க்கார் கைக்கு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கான உத்தரவும் 1950-ம் ஆண்டில்தான் வந்தது. செப்டம்பர் மாதம் 6-ந் தேதி. தாழ்த்தப்பட்டோர் உத்தரவு வந்து 27 நாள் கழித்து, அதே ஜனாதிபதியின் கையெழுத்தோடு. ஆனால் அதில் மதத்தைப் பற்றிய நிபந்தனை கிடையாது. மலையாளி ஒருவர் காளியையும் கும்பிடலாம், கிறிஸ்துவையும் கும்பிடலாம். அதனால் மட்டும் அவர் பழங்குடி இல்லை என்று ஆகிவிடாது. சர்ட்டிபிகேட்டும் போகாது.

மலைமேல் ஒருவன் ஞானஸ்நானம் பெற்றால் அவனுக்குக் கடவுள் கிடைக்கிறார்; கையில் இருந்தது அப்படியே இருக்கிறது. மலையில் இருந்து இறங்கி, பஸ் ஏறி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்து சேரும் கிராமத்தில் இன்னொருவன் அதே ஞானஸ்நானம் பெற்றால், கையில் இருந்தது போய்விடுகிறது. தலையில் விடுகிற தண்ணீர் ஒன்றுதான். தாலுகா ஆபீசில் பலன் வேறு.

பழங்குடி என்பது ரத்தத்தையும் வாழ்க்கை முறையையும் பொறுத்தது, தீண்டாமை என்பது இந்து மதத்தில் இருந்து பிறந்தது, அந்த மதத்தை விட்டவனுக்குத் தீண்டாமையும் விட்டுப் போகும் என்பது சட்டத்தின் தர்க்கம். காகிதத்தில் படிக்க நன்றாக இருக்கிறது. எறையூரில் பிணம் சுற்று வழியில்தானே போயிற்று!

சொல்லப்போனால் எறையூரின் மற்றத் தெருவுக்கும் இந்தச் சங்கடம் சிறிய அளவில் உண்டு. 1989-ம் ஆண்டு தமிழ்நாட்டில் மிகவும் பிற்பட்டோர் என்ற பட்டியல் வந்தபோது வன்னியர்கள் அதில் சேர்ந்தார்கள். வன்னிய கிறிஸ்தவர்கள் பிற்பட்டோர் பட்டியலிலேயே நின்றுவிட்டார்கள். மதத்துக்காகத் தாங்களும் விலை கொடுப்பதாக அவர்களும் குறைப்படுகிறார்கள். ஒரே நோயால் அவதிப்படும் இருவர், ஒருவர் மேல் ஒருவர் கல் எறிந்துகொண்டார்கள்.

ஒரு செருப்புத் தொழிலாளியின் வழக்கு

இந்தச் சட்டத்தை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனவர் ஒரு ஏழைத் தொழிலாளி. சூசை என்று பெயர். சென்னையில் மவுண்ட் ரோடும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடும் சேருகிற மூலையில், தெரு ஓரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிட கிறிஸ்தவர்.

தெரு ஓரத்தில் வெயிலிலும் மழையிலும் செருப்புத் தைக்கிறவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுப்பது என்று சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. அதே வரிசையில் தொழில் செய்த மற்றவர்களுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. கிறிஸ்தவர் என்பதுதான் காரணம். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1985-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. இந்து மதத்தை விட்ட பிறகும் கிறிஸ்தவ சமூகத்துக்குள் அதே அளவு கொடுமை தொடருகிறது என்பதைக் காட்டத் தக்க ஆதாரம் வேண்டும், மனுவில் அது போதவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

இங்கேதான் ஒரு விசித்திரம். கோர்ட்டில் ஜெயிக்க வேண்டுமானால், எங்கள் திருச்சபையில் சாதி இருக்கிறது என்று கிறிஸ்தவர் நிரூபிக்க வேண்டும். திருச்சபையோ, எங்களிடம் சாதி இல்லை என்று சொல்ல ஆசைப்படும். வெகு காலம் அப்படித்தான் இருந்தது. பிறகு நிலை மாறியது. 2003-ம் ஆண்டு நவம்பர் மாதம், தமிழ்நாட்டுப் பிஷப்புகள் ரோமாபுரிக்குச் சென்றிருந்தபோது, போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவர்களிடமே சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். 2016-ம் ஆண்டு டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்கப் பிஷப்புகள் பேரவை, தலித் மக்களின் முன்னேற்றத்துக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. நோயை மறைக்காமல் சொல்வது வைத்தியத்தின் முதல் படி. இரண்டாவது படி எப்போது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு பெயர்

இந்தச் சட்டம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேறு ஒரு பழக்கத்தையும் உண்டாக்கிவிட்டது. ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர். கோவில் புத்தகத்தில் அந்தோணி; பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் முருகன். வீட்டில் ஜெபமாலை, விண்ணப்பத்தில் இந்து. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர். திங்கட்கிழமை ஒரு பெயர்.

இதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. 2024-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் தாழ்த்தப்பட்டோர் சர்ட்டிபிகேட் கேட்ட வழக்கில், அவருக்கு அது கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. உள்ளத்தில் நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்று நீதிபதிகள் கடுமையாகவே சொன்னார்கள். சட்டப்படி அது சரி.

ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் ஒரு தாயின் இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். உண்மையை எழுதினால் பிள்ளையின் படிப்புக்கு இடைஞ்சல். பொய் எழுதினால் மறுநாள் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது? சிங்கத்தின் வாயில் போட்டால்தான் சோதனை என்பது இல்லை. பேனாவைக் கையில் கொடுத்து, 'மதம்' என்ற கட்டத்துக்கு எதிரே எழுது என்றாலும் சோதனைதான். அந்தக் கட்டத்தில் 'கிறிஸ்தவம்' என்று எழுதிவிட்டு வெளியே வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பாதிக்கு மேல் ஆதிதிராவிடர்கள் என்பது பொதுவான கணக்கு.

அவர்களைப் பார்த்துச் சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று ஏளனம் செய்வது பழைய வழக்கம். 1876-ம் ஆண்டு தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாற்காடு, வடாற்காடு ஜில்லாக்களில் மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். புதுச்சேரி மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவர்களானார்கள். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. பசித்தவன் கஞ்சி கொடுத்தவனுடைய சாமியைக் கும்பிட்டான்.

சரி, சோற்றுக்காக வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1950-ம் ஆண்டுக்குப் பிறகு கணக்குத் தலைகீழாக மாறிவிட்டதே! இருந்தால் நஷ்டம். போனால் லாபம். சோற்றுக்காக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சோற்றை விட்டுவிட்டு அல்லவா இருக்கிறார்கள்? ஏளனம் செய்கிறவர்கள் இதற்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

வடக்கன்குளத்துச் சுவர்

இது கள்ளக்குறிச்சிச் சீமையின் கதை மட்டும் அல்ல. தெற்கே திருநெல்வேலிப் பக்கத்தில் வடக்கன்குளம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு வந்துதான் 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, திருவாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள்.

தேவசகாயம் கிறிஸ்தவரான விதமே கஷ்டகாலத்தில் பிறந்த கதை. வீட்டில் அடுக்கடுக்காக நஷ்டம். மாடுகள் செத்தன. பயிர் போயிற்று. மனம் உடைந்து கிடந்தவருக்கு ஆறுதல் சொன்னவர் டிலனாய். 1741-ம் ஆண்டு குளச்சல் யுத்தத்தில் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் பிடிபட்டு, பிறகு அவரிடமே தளபதியாக வேலை பார்த்த டச்சுப் படை அதிகாரி அவர். யோபு என்ற பக்தனின் கதையை டிலனாய் சொன்னார். ஆடு, மாடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போன பிறகும் கடவுளை விடாதவர் யோபு. கடவுளை நேருக்கு நேர் நியாயம் கேட்டவரும் அவர்தான். நல்லவனுக்கு ஏன் கஷ்டம் வருகிறது என்ற கேள்விக்கு அந்தக் கதையில் நேரான பதில் கிடையாது. ஆனாலும் அது தேவசகாயத்தின் மனதைத் தொட்டது.

பிறகு அவருக்கு வந்தது பழைய கஷ்டத்தைவிடப் பெரியது. 1749-ம் ஆண்டு சிறைப்பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியது மட்டும் காரணம் அல்ல, அரசாங்கக் காரணங்களும் உண்டு என்று எழுதிய சரித்திரக்காரர்கள் இருக்கிறார்கள். உயர்ந்த சாதியில் பிறந்தவர் தாழ்ந்த சாதியாரோடு சமமாகப் பழகியதும் அவர் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம் என்று திருச்சபை சொல்கிறது. 2022-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். துறவி அல்லாத இந்தியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அறிவிக்கும்போது, 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை விட்டுவிட்டுத் தேவசகாயம் என்று மட்டுமே சொன்னார்கள்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் 1872-ம் ஆண்டு ஒரு விசித்திரக் கோவிலைக் கட்டினார்கள். கால்சட்டை போல இரண்டு பக்கம். நடுவில் சுவர். ஒரு பக்கம் வேளாளர்கள். மறுபக்கம் நாடார்களும் மற்றவர்களும். பீடம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. சாமியைப் பார்க்கலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியது இல்லை.

1910-ம் ஆண்டு அந்தச் சுவரை இடித்துப் போட்டார்கள். இடித்தது தவறு, சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் பிஷப் பார்த் மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். சென்னை ஐகோர்ட்டு வரைக்கும் போயிற்று. கோவிலுக்குள் சாதிக்கு உரிமை கிடையாது என்று ஐகோர்ட்டு சொல்லிவிட்டது. சுவர் போனது போனதுதான். முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சுவருக்கு மறுபக்கத்தில் முழங்கால் போட்டவர்கள், சுவர் இருக்கிறதே என்று ஜெபத்தை நிறுத்திவிடவில்லை.

எறையூர்க்காரர்கள் கேட்டது சுவரா, சுவர் இடிப்பா என்று யோசித்தால் மனம் குழம்புகிறது. தனிப் பங்கு வேண்டும் என்றவர்கள் கோவிலைப் பிரிக்கச் சொன்னார்கள். ஆனால் தாங்களும் கோவிலில் முழு மனிதர்களாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிரிக்கச் சொன்னார்கள். கோவிலே வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்

டெல்லியிலும் சென்னையிலும் காகிதங்கள் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. 2004-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் மூன்றாவது பாராவை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. வாய்தாக்கள் இருபது வருஷத்தைத் தாண்டிவிட்டன. 2007-ம் ஆண்டு ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அந்தப் பாராவை எடுத்துவிடலாம் என்று சிபாரிசு செய்தது. மத்திய சர்க்கார் ஏற்கவில்லை. 2022-ம் ஆண்டு அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். அதன் கெடுவை ஒரு முறைக்கு மேல் நீட்டினார்கள். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாடு சட்டசபை, கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களையும் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. பாரதீய ஜனதா உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள்.

சேர்க்கக்கூடாது என்பவர்களின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இருக்கிற 18 சதவிகிதத்தில் புதியவர்கள் பங்குக்கு வந்தால் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற ஏழைகளுக்குக் குறையும் என்கிறார்கள். மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் முந்திக்கொள்வார்கள் என்கிறார்கள். மதமாற்றத்துக்கு இது தூண்டுதல் ஆகும் என்கிறார்கள். முதல் கவலை நியாயமான கவலை. எல்லோரையும் சேர்ப்பதானால் சதவிகிதத்தையும் கூட்டத்தான் வேண்டும்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதியைக் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். ஊர்வலம், உண்ணாவிரதம், ஜெபம். அது முடிந்து ஐந்தாம் நாள், ஆகஸ்டு 15, சுதந்திர தினம். அதே நாள்தான் மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளும். கறுப்புக் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டுத் தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்துகிறார்கள். பிறகு தேரை அலங்கரிக்கப் போகிறார்கள். அந்த மாதம் முடிவதற்குள் காவித் துணி கட்டிய கூட்டம், வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகக் கிளம்பிவிடும். செப்டம்பர் 8-ந் தேதித் திருநாளுக்குப் போய்ச் சேர வேண்டும். ரோட்டில் நடக்கிற அந்தக் கூட்டத்தில் யார் எந்தத் தெருவில் இருந்து வந்தவர் என்று பார்த்தால் தெரியாது. எல்லோர் காலிலும் ஒரே புழுதி.

ஊர் திரும்பிய பிறகு, ஆடி ஆவணியில் தள்ளிப்போன சர்ட்டிபிகேட் வேலையைப் பார்க்கத் தாலுகா ஆபீசுக்குப் போவார்கள். அங்கே பாரம் கொடுப்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், சாதி. அதற்குக் கீழே, மதம்.